ஏரித் திருப்பத்து ஆயில் விளக்கு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஆயில் பிரஷர் சுவிட்சு செய்கிற கம்பெனியில் நான் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் சுவிட்சுக்குள் மந்திரம் எதுவும் கிடையாது. என்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும். அழுத்தம் விழுந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகட்டைத் திருப்பித் தள்ளும், மின் தொடர்பு முனைகள் ஒட்டிக்கொள்ளும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான் சங்கதி.

இவ்வளவு பேசுகிற நான்தான், என் வீட்டுக்காரர் லோகநாதன் செத்துப்போன இடத்தில் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்ப்பதற்காகவே கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி எங்கள் வீட்டுக்கு வருகிற சாலை இடதுபக்கமாக நீளமாக வளையும். அந்த வளைவில்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பார்க்கிங் லைட்டையும் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் முதன்முதலாகக் காரை எடுத்தது, மாமியார் நாகம்மாளைப் பூந்தமல்லிக்கு முட்டி வைத்தியத்துக்குக் கூட்டிப் போக. ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த குடும்பத்துக்காரி. வாயும் அப்படித்தான், மடை திறந்தால் மூடாது. எங்கள் இருவருக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். வழக்கம்போலப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். திரும்பி வரும்போது வளைவில் வண்டியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதே நேரம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டியா நைனா?"

பின் சீட்டிலிருந்து டேஷ்போர்டு தெரியாது. அத்தைக்குக் கண்ணில் புரை வேறு.

"யார்கிட்ட பேசுறீங்க அத்தை?"

"எம் புள்ளகிட்ட பேசறேன். உனுக்கு இன்னா?"

வளைவு முடிந்ததும் விளக்கு அணைந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். போகும்போது ஒன்றும் இருக்காது. வீடு திரும்பும்போது மட்டும், அதே வளைவில், அதே சிவப்பு, பின்னால் அதே "வந்துட்டியா".

காரணம் எனக்குத் தெரியாமலா? ஆயில் குறைந்துபோன வண்டி நீளமாக இடதுபக்கம் வளையும்போது, அடியில் மிச்சமிருக்கும் ஆயில் வலதுபக்கம் ஒதுங்கிவிடும். உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். அழுத்தம் விழும், விளக்கு எரியும். எதிர்ப்பக்கம் போகும்போது ஆயில், குழாய் இருக்கும் இடதுபக்கமாக ஒதுங்குவதால் எரியாது. இதைக் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறவளே நான்தான்.

ஆயில் ஏன் குறைந்தது என்பதும் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது, சர்வீஸ் நேரம் வந்துவிட்டதென்று மஞ்சள் நிறத்தில் ஸ்பேனர் படம் எரிந்துகொண்டிருந்தது. "கொறையோட நிக்கிற வண்டிக்கு கற்பூரம் காட்டுவாங்களா?" என்று அத்தை பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பட்டனை அழுத்திப் பிடித்து அதை அணைத்துவிட்டார். "பூஜை முடியட்டும் வாணி, சர்வீஸுக்கு விட்டுடலாம்" என்றார். பூஜை முடிந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, சர்வீஸ் மறந்துபோனது, மனிதரும் போய்விட்டார். அந்த ரிமைண்டருக்கு ஆயிலைப் பற்றி என்ன தெரியும்? ஓடிய கிலோமீட்டரையும் நாளையும் எண்ணத் தெரியும். பட்டனை அழுத்தினால் புது ஆயில் ஊற்றியாயிற்று என்று நம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணும். ஆயில் எவ்வளவு இருக்கிறதென்று டிப்ஸ்டிக் என்கிற அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால்தான் எங்கள் வண்டியில் தெரியும். நான் உருவவில்லை.

ஊற்றினால் விளக்கு எரியாது. எரியாவிட்டால் அந்த வளைவு வெறும் வளைவாகிவிடும். எனக்கு அவர் வேண்டும். ஒரு நொடி சிவப்பாக எரிந்து அணைந்தாலும் போதும், வேண்டும்.

வேகமாகத் திருப்பினால் கொஞ்சம் கூடுதலாக எரியும் என்று கண்டுபிடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி அந்த வளைவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்ஜின் வெறும் இரும்பில் தேய்கிறது என்று தெரிந்தேதான் திருப்பினேன்.

போன வாரம் பூந்தமல்லியிலிருந்து வரும்போது, வேலப்பன்சாவடி தாண்டி நேர்ச்சாலையிலேயே விளக்கு எரிந்தது. அணையவில்லை. என்ஜினுக்குள் டக்டக்கென்று தட்டும் சத்தம். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் அத்தை கண்ணயர்ந்திருந்தார். என்ஜின் இறுகி வண்டி அப்படியே நின்றிருந்தால் முதலில் நசுங்குவது அவர்தான். எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தினேன்.

மண்ணூர்பேட்டையிலிருந்து மெக்கானிக் இருதயராஜ் ஆயில் கேனோடு வந்தார். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். நுனியில் கூட ஈரம் இல்லை.

"இன்னாக்கா இது? ஆயில் சுவிட்சு செய்ற கம்பெனில வேல செஞ்சிகினு... லைட்டு எரியலயா?"

"எரிஞ்சுது."

"உங்க நல்ல நேரம், இன்னும் ஜாம் ஆவல. இப்ப ஊத்தறேன். நாளிக்கு கொண்டாந்து விடுங்க, பூரா மாத்திடலாம்" என்று கேன் மூடியைத் திருகினார்.

"குடுங்க. நானே ஊத்துறேன்."

என் வீட்டுக்காரருக்குப் பால் ஊற்ற ஆம்பிளைகள்தான் சுடுகாட்டுக்குப் போனார்கள். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆயிலை நான் ஊற்றினேன். தேன் நிறத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. போய் வாங்க என்று மனதுக்குள் சொன்னேன்.

என்ஜின் சத்தம் அடங்கி ஓடியது. ஏரி வந்தது. வளைவில் எப்போதும்போல வேகமாகவே திருப்பினேன், ஒருவேளை என்று. டேஷ்போர்டு கறுப்பாகவே இருந்தது. வளைவு பாதி முடிந்தும் கறுப்புதான். என் கையாலேயே அவரை அனுப்பிவிட்டேன்.

"வந்துட்டியா நைனா?" என்றது பின்னால் குரல்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

"எங்க வந்தாரு? விளக்கு எரியவே இல்ல அத்தை! இனிமே அவர் வரமாட்டாரு!"

"எந்த வெளக்கு?"

"இங்க சிவப்பா எரியுமே! அது எரிஞ்சாத்தானே அவர்..."

அத்தை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உன் வெளக்க யாரு கண்டா? அவன் ஓட்டும்போது நீ உக்காந்துகினு வருவியே, இப்ப உம் பக்கத்துல இருக்குற சீட்டு, அதுலதான் ஒவ்வொரு வாட்டியும் ஏறி உக்கார்றான். இங்கேருந்து ஊடு வரிக்கும் உன்னியே பாத்துகினு வரான். நீ ஒரு வாட்டியாச்சும் அவன் பக்கம் திரும்பினியா? அந்தக் கண்ணாடியவே மொறச்சிகினு போற. 'இவ ஏம்மா எங்கிட்ட பேச மாட்டேன்றா'ன்னு எங்கிட்ட கேக்கறான். நான் இன்னான்னு சொல்லுவேன்?"

இடதுபக்கம் திரும்பினேன். சீட்டில் என் கைப்பையும் அத்தையின் எக்ஸ்ரே கவரும் இருந்தன. இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். நான் திரும்பியபடியே உட்கார்ந்திருந்தேன்.