36214 எங்கே?

மேவிஸ் தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் ரகம். 1999 மாசியில் அதற்குக் காரணமும் இருந்தது. தான் வேலைசெய்யும் நாவற்குடா விவசாயிகள் சங்கக் கந்தோரின் ஒற்றைக் கணினியில் சொந்தமாக ஒரு சூத்திரம் எழுதியிருந்தாள். விதைத்த திகதியையும் நெல்லினத்தையும் கொடுத்தால், அறுவடை தொடங்கும் திகதியைச் சொல்லிவிடும்.

ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா! கரண்ட் போகுமுன் அவசரமாக அச்செடுத்த பட்டியலை, அறுவடைக்கு அனுமதி கேட்டுப் போன இராணுவக் காவலரணில் வைத்துத்தான் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே திகதிக்குப் பதில் ஓர் எண். கனகசிங்கம், 36210. அடுத்தவர், 36211. கணினிக்குத் திகதி என்பதே 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணிய நாட்கணக்குத்தான். அதைத் திகதியாகக் காட்டு என்று கட்டத்துக்குத் தனியே சொல்லவேண்டும். சூத்திரம் எழுதிய கெட்டிக்காரி அதை மறந்துபோனாள்.

சார்ஜன் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். யார் எந்த நாளில் அரிவாளோடு வட்டை வயல்களுக்குள் போவார் என்று தெரியாமல் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் பாதை திறக்காது. கதிரோ முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஒரு கிழமை பிந்தினாலும் நெல் வயலிலேயே கொட்டிப்போகும்.

“என்ன இது, ரகசிய நம்பரா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“நாட்கணக்கு சேர்!” என்று மேவிசும் சிங்களத்திலேயே விளக்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய்போலக் கேட்டது.

சார்ஜனின் விரல் ஓரிடத்தில் நின்றது. “36213 இருக்கு, 36215 இருக்கு. 36214 எங்கே? அந்த ஆளை ஏன் மறைக்கிறீங்க?”

மேவிஸ் குனிந்து பட்டியலில் தேடினாள். பக்கத்தில் நின்ற வட்டவிதானை கனகசிங்கம், “என்னவாம் மிஸ்?” என்று கேட்டார். சொன்னாள். பதினெட்டுப் பேரின் வெள்ளாமைக்கும் பொறுப்பானவர் அவர். தன் வயலில் அறுவடை தொடங்கும் வெள்ளியை 36210 என்று வைத்து விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அது செவ்வாய்க்கிழமையெல்லோ! செவ்வாயில ஆர் வயலில கத்தி வைப்பான்? நான்தானே உங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், செவ்வாயத் தள்ளிப் போடுங்க எண்டு!”

மேவிசுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் கட்டளையையும் சூத்திரத்தில் எழுதியவள் அவள்தான்! சிரித்தபடியே மொழிபெயர்த்தாள்.

சார்ஜன் சுவர்க் கலண்டரிடம் போனார். வெள்ளி 36210 என்று தொடங்கி ஒவ்வொரு நாளாகத் தொட்டு வந்தார். விரல் செவ்வாயில் நின்றது. அடுத்த கிழமையையும் பார்த்தார். அங்கும் செவ்வாய்க்குரிய எண் பட்டியலில் இல்லை.

“எங்கட அம்மாவும் செவ்வாயில அரிவாள் தொட விடமாட்டா,” என்றார். முகம் இளகிவிட்டது. மேவிஸ் எண்களுக்குப் பக்கத்தில் பேனாவால் திகதிகளை எழுதிக்கொடுக்க, அவர் மேசையில் குனிந்து கையெழுத்தை வைத்தார். அதன் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் விரல்விட்டு எண்ணி, 36208 என்று எழுதினார்.

“சரியா? இண்டைக்குப் புதன்.”

கணக்கு அச்சொட்டாகச் சரி. ஆனால் வட்டை வாசலில் நிற்கும் சிப்பாய்க்கு அதை யார் விளங்கப்படுத்துவது? மேவிஸ் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஐயோ சேர், திகதியாப் போடுங்க!”