கடைக்கே வந்து சொல்லிடுவேன்

செல்போன் ரிப்பேர் கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் தனி மரியாதைதான். எந்த ஃபோன் பூட்டையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்துவிட அவளால் முடியும். ஆனால் திறக்கமாட்டாள். ஃபோன்காரரே வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். நடுவில் மெசேஜ் வந்தால் ஃபோனைக் குப்புறக் கவிழ்த்துவிடுவாள். அடுத்தவர் வீட்டுக் கதை நமக்கெதுக்கு என்பது அவள் கொள்கை.

அந்தக் கொள்கைக்கு வந்தது பாருங்கள் சோதனை, சொந்த மகள் உருவத்தில்.

ஒன்பதாவது படிக்கிற மகளின் ஃபோன் சுக்குநூறாக உடைந்து வந்தது. "கை தவறிடுச்சும்மா" என்றாள். புதுத் திரை மாட்டி ஆன் செய்ததும், பூட்டு திறக்காமலே மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. கவிழ்ப்பதற்குள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. "பாஸ்வேர்டு குடு. இல்லன்னா கடைக்கே வந்து உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அக்காவுக்குக் கை பரபரத்தது. திறந்து பார்த்தால் முழுக் கதையும் தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு மகள் தன்னிடம் ஜென்மத்துக்கும் வாய் திறக்கமாட்டாள் என்பதும் தெரியும். இத்தனைக்கும் அவள் என்ன பேசிவிட்டாள் மகளிடம்? வயசுக்கு வந்தபோது ஒரு நாப்கின் பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிட்டு நழுவிய மகராசிதானே. பள்ளிக்கூடத்து டீச்சரும் அந்தப் பாடம் வந்ததும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லி நழுவிவிட்டாள்.

மகளைக் கூப்பிட்டு, கவிழ்ந்த ஃபோனை அப்படியே நகர்த்தினாள்.

"ஒரு வரி கண்ணுல பட்டுடுச்சு. மீதியை நான் படிக்கல."

மகள் முகம் வெளிறிப்போனது. "திட்டுவியா?"

"முதல்ல கேக்குறேன், சொல்லு."

டியூஷனில் கூடப் படிக்கிறவனாம். பிடித்திருந்ததாம். பிறகு, யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய் என்று கேள்விமேல் கேள்வி. இப்போது பாஸ்வேர்டு. "உண்மையா பிடிச்சிருந்தா குடுப்பன்னு சொல்றாம்மா. ஆத்திரத்துல நான்தான் ஃபோனைத் தூக்கிப் போட்டேன்."

அக்கா ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு அதைப் பார்த்தே பேசினாள். காது சூடாகச் சூடாகச் சொன்னாள். உடம்பு எப்படி மாறும், மனசு ஏன் அலைபாயும், குழந்தை எப்படி உண்டாகும், எது எதற்கு இன்னும் வயசு வரவில்லை, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். "பிடிக்கிறது தப்பில்லடி. ஃபோனானாலும் உடம்பானாலும், நீ வேண்டாம்னா வேண்டாம்தான். அதுக்கப்புறமும் கேட்டு மிரட்டுறவன் பிரியத்துல கேக்கல."

"நீ ஏம்மா ஸ்க்ரூடிரைவர்கிட்ட பேசுற?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்போடு சேர்ந்து மகளுக்கு அழுகையும் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம், மிரட்டியபடியே கடைக்கு வந்தே விட்டான் அந்தத் துரை. முளைத்தும் முளைக்காத மீசை, தோளில் பை. "ஆன்ட்டி, உங்க பொண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அக்கா நல்லா நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லு. நேத்தே அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ பாஸ்வேர்டு கேட்டு மிரட்டினதையும் சேத்துத்தான்."

அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"எனக்கு உன்னைப் பிடிச்சுது. இப்ப உன் மெசேஜ் வந்தாலே பயமா இருக்கு. அதனால வேணாம். டியூஷன்ல நீ உன் பாட்டைப் பாரு, நான் என் பாட்டைப் பாக்குறேன்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தயாராக வைத்திருந்ததை எல்லாம் முழுங்கிவிட்டு, என்னிடம் என்ன பார்வை, அவளுக்குப் பதில் சொல் என்பதுபோல நின்றாள்.

"சாரி" என்றான் மெதுவாக. பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். சொல்ல வந்ததைச் சொல்ல அவனுக்கு ஆளில்லை.

அக்காவுக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. மகள் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது.

"பயந்துட்டியாடி?"

"ரொம்ப. ஆனா சொல்லிட்டேன்லம்மா?"

"சொல்லிட்டடி, என் ராசாத்தி. சொல்லிட்ட."