செயலாளரின் அக்கா கேட்டது

எங்கள் நிதி அமைச்சகத்துக்குத் தெவேயாவைச் செயலாளராகப் போட்டதற்கு முதல் காரணம், தலைநகரத் தீவில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. படிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உறவுக்காரர் வந்து எதிரே உட்கார்ந்து, இது எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. புபுசி என்போம். சைக்கிளைக் கேட்டால் சைக்கிள், பன்றியைக் கேட்டால் பன்றி. மறுத்தவன் ஊர்க் கூடத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. அரசாங்கப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்பதை முன்பிருந்த செயலாளர் காலத்தில் பார்த்துவிட்டோம். வாத்தியார்களுக்குச் சம்பளம் வரவில்லை. அவருடைய மச்சான்கள் வீட்டில் மட்டும் புதுத் தகரக் கூரை ஏறியது.

அதனால்தான் வடகோடித் தீவிலிருந்து தெவேயா வந்தார். ஒல்லியான மனிதர். செருப்பைக் கதவருகே கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் வருவார். கையெழுத்துப் போடுமுன் திரும்பத் திரும்பப் படிப்பார். நான் அவருக்குக் கீழே செலவுப் பிரிவில் இருந்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் கடலின் சூடு மேற்கே நகர்ந்தது. சூரை மீனும் பின்னாலேயே போனது. வெளிநாட்டுக் கப்பல்கள் எங்கள் கடலில் மீன்பிடிக்கக் கட்டும் உரிமத் தொகைதான் எங்கள் சோறு; அது பாதியாகிவிட்டது. தெவேயா சம்பளத்தைத் தவிர எல்லாச் செலவுத் தலைப்புகளையும் இழுத்துப் பூட்டினார். இங்கே செய்ய முடியாத வைத்தியத்துக்கு நோயாளிகளைப் பிஜிக்கு அனுப்பும் தலைப்பு செப்டம்பரிலேயே காலி. அதற்கு அடுத்த தலைப்பு, வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலைக் கொண்டுவருவதற்கானது. அதில் பணம் அப்படியே கிடந்தது.

"கிடக்காம என்ன செய்யும்? ஒருத்தரையும் அனுப்பலையே, அப்புறம் அங்க போய் எவன் சாவான்?" என்றான் பட்டுவாடாப் பிரிவு பவுரோ. எதைப் பார்த்தாலும் சிரிக்கிறவன் அவன்.

"அதை எடுத்து இதுல போட்டா என்னய்யா?" என்றேன்.

"பாராளுமன்றம் கூடணும் தாயே. டிசம்பர்ல கூடும். அதுவரைக்கும் நோயாளிங்களை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் அப்படித்தான். பணம் இருக்கும், தொட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் தெவேயாவின் அக்கா கபூரே கப்பலில் வந்து இறங்கினாள். இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. படுக்கையிலிருந்து எழுந்து கிணற்றடிக்குப் போகும் முன்பே நின்று மூச்சு வாங்குவாள். தாய் செத்தபின் தெவேயாவை வளர்த்தவள் அவள். டாக்டர்கள் குழு அவளைப் பிஜிக்கு அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் முதலில் வைத்தது. இரண்டாவது, தென் தீவிலிருந்து வந்த தெராவா என்ற கைக்குழந்தைக்காரி. அவளுக்கும் இதயம்தான், ஆனால் அவள் கொஞ்ச நாள் தாங்குவாள் என்றார்கள். இந்த வரிசையை ஒருவரும் குறை சொல்லவில்லை.

எதிர்பாராச் செலவு நிதியில் ஒரு நோயாளியை அனுப்பும் அளவுக்கு மிச்சம் இருந்தது. அதை எடுக்கச் செயலாளர் கையெழுத்து ஒன்று போதும். நானே கோப்பைத் தயார்செய்து அவர் மேஜையில் வைத்தேன். அன்று அவர் அதைப் படித்தார். மறுநாளும் படித்தார். அதன்பின் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

அரசு விருந்தினர் விடுதியில் படுத்துக்கொண்டார். அக்கா அவருடைய வீட்டில் இருந்தாள். எங்களுக்குப் புரியாமல் இல்லை. அவள் வாயைத் திறந்து கேட்டுவிட்டால் அது புபுசி. அதன்பின் மறுக்க முடியாது. கையெழுத்துப் போட்டால், கடைசியில் இவனும் அரசாங்கப் பணத்தைச் சொந்தக்காரிக்குக் கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசும். அதனால் அவள் கண்ணில் படாமல் ஓடி ஒளிந்தார்.

"மீன்பிடி கம்பெனிக்காரங்களை எல்லாம் மிரட்டுற மனுஷன், மூச்சு விட முடியாத ஒரு பொம்பளைக்குப் பயந்து ஒளிஞ்சு கிடக்கறாரு பாரு," என்றான் பவுரோ. அப்போதும் சிரித்தான், ஆனால் சத்தம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கபூரே ஆபீசுக்கே வந்துவிட்டாள். யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வாசற்படியில் ஒருமுறை, கூடத்தில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அவர் எதிரே பாயில் உட்காரவைத்தேன். வெளியே எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் காது கொடுத்தார்கள்.

தெவேயா நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணு கேக்கணும்டா தம்பி," என்றாள்.

"கேளுக்கா."

அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தோம். கேள், கேள் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். இவர் போட்டுத்தான் ஆக வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. கூட உக்காந்து சாப்பிடு. அவ்வளவுதான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்டா. பயப்படாத. உன் வீட்டுல நீ வந்து படுக்காம, விடுதிச் சோறு தின்னுக்கிட்டு... எனக்கு நல்லாவா இருக்கு?"

"வர்றேன்க்கா," என்றார். புபுசி அல்லவா, மறுக்க முடியாதே.

அவளை வண்டியேற்றிவிட்டு வந்து நான் அவர் முன்னால் நின்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன்.

"அதான் அவங்க கேக்கலையே சார். எங்க எல்லாருக்கும் காது இருக்கு. இப்பப் போடுங்களேன்."

"கேக்காம போட்டாலும், கேட்டுப் போட்டதாத்தான் சொல்வாங்க தராயா."

"சொல்லட்டுமே! டாக்டருங்க போட்ட வரிசைதானே? வேற யாராவது முதல்ல இருந்திருந்தா?"

"அமைச்சர் வரட்டும். அவரே போடட்டும். அப்ப யாரும் வாய் பேச முடியாது."

அமைச்சர் கடல்மட்ட உயர்வு பற்றிய மாநாட்டுக்காக வெளிநாடு போயிருந்தார். அடுத்த வியாழக்கிழமை விமானத்தில்தான் வருவார். கோப்பின் மேல் 'அமைச்சரின் பார்வைக்கு' என்று தெவேயா தன் கையால் எழுதிவைத்தார். அந்த எழுத்தை எழுதிய நேரத்தில் கையெழுத்தைப் போட்டிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். சுட்ட மீனும், தேங்காய்ப்பால் ஊற்றிய சேப்பங்கிழங்கும் அக்கா தன் கையால் எடுத்துவைத்தாளாம். எழுந்திருக்காதே என்று சொன்னதற்கு, சும்மா சாப்பிடுடா என்றாளாம். கிழங்கு நன்றாக வெந்திருந்தது என்று திங்கட்கிழமை அவரே என்னிடம் சொன்னார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை விடியற்காலையில் கபூரே இறந்தாள்.

ஊர்க் கூடத்தில் அவளைக் கிடத்தினார்கள். மூன்று நாளும் ஜனங்கள் அரிசி மூட்டையும் பாயும் கொண்டுவந்து உட்கார்ந்து பாடினார்கள். வியாழக்கிழமை வந்திறங்கிய அமைச்சர் கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கே வந்தார். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். எல்லாரும் தெவேயாவைத்தான் புகழ்ந்தார்கள். கூடப்பிறந்தவளுக்குக்கூட அரசாங்கப் பணத்தைத் தொடாத மனிதன் என்றார்கள். இப்படி ஒருவன் இருந்தால் இந்த நாடு பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். கூரைத் தகர மச்சான்களும் தலையாட்டினார்கள். தெவேயா அக்காவின் கால்மாட்டில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பவுரோ பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை நான் அதே கோப்பைத் திரும்பத் தயார்செய்தேன். பெயர் மட்டும் மாறியது. தென் தீவின் தெராவா, இப்போது பட்டியலில் முதலாவது. அவர் மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன்.

"இரு தராயா, எடுத்துட்டுப் போ," என்றார்.

படிக்கக்கூட இல்லை. பேனாவைத் திறந்தார், போட்டார், மூடினார். கோப்பை என் பக்கம் தள்ளப் போனவர், தள்ளாமல் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மை இன்னும் காயவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

"இவ்வளவுதான் சார்," என்றேன். புதன்கிழமை விமானத்துக்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு பவுரோவிடம் போனேன்.