ஐம்பத்தோராவது பதிவு

'ஃபெயில்' என்று அழுத்திவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று இருந்த அட்டவணையின் அடியில் ஒரே ஒரு சிவப்பு வரி. எதிர் மூலையில் 'பச்சைக்கொடி' நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. சோதனைக் குழுத் தலைவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. சிவப்பைக் கண்டால் மனிதருக்கு ஆகாது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. வேலைக்கு வந்து இரண்டு மாதம். ஒரு மருத்துவமனையின் பழைய மென்பொருளில் இருந்த நோயாளிப் பதிவுகள் புதியதற்கு மாறுகின்றன. ஒழுங்காக வந்து சேர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். நாலு லட்சம் போனது, நாலு லட்சம் வந்தது. அவளுக்குக் கொடுத்த ஐம்பது மாதிரிகளும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. ஐம்பத்தோராவதை யாரும் கொடுக்கவில்லை. அது அப்பாவின் பதிவு. பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடத்தான் திறந்தாள். சொந்தக்காரர் பதிவைத் தொட்டால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

"வெண்ணெ தெரண்டு வர்றப்ப தாழிய ஒடைக்கிறியேம்மா! மத்தியானம் ஆஸ்பத்திரிக்காரங்க கையெழுத்துப் போடணும்." அவர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"செத்தவங்க எல்லாம் உயிரோட வந்திருக்காங்க சார்."

"எண்ணிக்க சரியா இருக்குல்ல?"

"எண்ணிக்கைக்கு யாரு செத்தா என்ன சார்?"

தன் வாயா இது என்று அவளுக்கே திக்கென்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. பழையதில் இறப்பைக் குறிக்கத் தனி இடம் கிடையாது. பதிவு செய்பவர்கள் முகவரியின் கடைசி வரியில் 'காலமானார்' என்று அடித்து வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் காலியாக இருந்த அந்த வரி புதியதற்கு வரவே இல்லை.

"இவங்க வீட்டுக்கெல்லாம் 'செக்கப்புக்கு வாங்க'ன்னு மெசேஜ் போகும். நான் பாஸ் போட மாட்டேன்."

"உன் வேல இன்னும் நிரந்தரமாகல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். போட மாட்டேன்."

அவர் குனிந்து சிவப்பு வரியைப் படித்தார். பெயர். வயது. நிலை: உயிருடன். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அவள் பெயரை ஒட்டி அதே பெயர்.

"ஆமா சார், எங்கப்பாதான். நான்தான் தொறந்தேன். எழுதிக்கோங்க."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்போ?"

"ரெண்டு வருஷமாச்சு."

"சரி, திருத்தச் சொல்றேன். நீ புடிச்ச தப்பு, மறுபடி பார்த்து நீயேதான் முடிக்கணும்." திரையில் 'உயிருடன்' என்ற சொல்லின் மேல் அவர் விரலை வைத்தார். "நாளைக்கு இந்த எடத்துல 'இறந்தவர்'னு வரும். அதுக்கு எதிர்ல பாஸ்னு போடணும். போடுவியாம்மா?"