எட்டே முக்கால் வரை

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த வருஷம் நடந்த கூத்துக்கெல்லாம் இதுதான் காரணம் என்று எனக்கு உறைத்தபோது காலை மணி எட்டு இருபது. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, கால் ஒன்று ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மடியில் டைரி. அம்மா கூட்டித் துடைக்கும் ஆபீசில், மேனேஜர் தனக்கு வந்த ஏழெட்டில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தது. பழுப்பு ரெக்ஸின் அட்டை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அன்றைய திதி, நட்சத்திரம், பொட்டு அளவுக்கு ஒரு நிலாப் படம், யாருக்குச் சந்திராஷ்டமம் என்று ஒரு வரி. கீழே கோடு போட்ட வெற்றுத்தாள். அதில் நாங்கள் ஒரு நாளும் ஒன்றும் எழுதியதில்லை. எங்களுக்குத் தலை மட்டும்தான் டைரி.

தினமும் காலையில் அம்மா பல் விளக்கிக்கொண்டே கேட்பாள். "இன்னிக்கு என்னடி போட்டிருக்கான்?"

நான் தலை சீவிக்கொண்டே, பஸ் போர்டு வாசிக்கிற மாதிரி வாசிப்பேன். பஞ்சமி, பத்தே கால் வரை. ரோகிணி, ஆறரை வரை. சில நாள் முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்றெல்லாம் இருக்கும்.

"முப்பத்தெட்டு மணின்னு ஒண்ணு இருக்கா?"

"அச்சுப்பிழைம்மா. ஓசி டைரி வேற எப்படி இருக்கும்?"

இருபத்துநாலைத் தாண்டினால் 'நாள் முழுக்க' என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். வம்சத்திலேயே முதல் பட்டம். அம்மா அதை நம்பி வேலைக்குக் கிளம்பினாள், கேஸ் சிலிண்டர் மாற்றினாள், வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்கப் போனாள். எனக்கு இந்த நிலாக் கணக்கில் மயிரளவும் நம்பிக்கை கிடையாது. நம்பாத விஷயத்தைச் சரியாகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கர்ப்பப்பையில் கட்டி. ஆறு மாதமாக ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் இரண்டு முறை தேதி கொடுத்தார். முதல் முறை அஷ்டமி என்று அம்மா போகவில்லை. இரண்டாவது முறை நவமி. அதற்குப் பிறகு மூன்றாவது வாரம் ஆபீஸ் படியில் பக்கெட்டோடு சரிந்து விழுந்தாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல. வியாழன் காலைல ஒன்பது மணி."

அன்றைக்குச் சுவாதி. சந்திராஷ்டமம்: உத்திரட்டாதி. அதாவது அம்மாவின் நட்சத்திரம். பிறந்த நட்சத்திரத்திலிருந்து பதினேழாவது நட்சத்திரத்தில் நிலா நிற்கிற நேரம். ஒரு நல்ல காரியமும் தொடங்கக் கூடாதாம். வாசித்துவிட்டு டைரியை மூடப் போனேன்.

"எதுவரைக்கும்?" என்றாள் அம்மா.

சுவாதிக்கு எதிரே 8-45 என்று இருந்தது. "எட்டே முக்கால் வரை."

அம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். "ஒன்பதுக்குத்தானே? கால் மணி நேரம் இருக்கு. சரி, வரேன்."

அந்த ஓசி டைரி எனக்குச் செய்த ஒரே நல்லது என்று நினைத்தேன்.

இப்போது நாற்காலியில் சும்மா இருக்கக் கை விடவில்லை. டைரியின் முன்பக்கங்களைப் புரட்டினேன். இதுவரை திறந்தே பார்க்காத பக்கங்கள். அளவை வாய்ப்பாடு, ரத்த வகை எழுதக் கட்டம், அதற்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி ஒரு குறிப்பு. திதி, நட்சத்திரங்களுக்கு எதிரே உள்ள எண்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை, விநாழிகை. ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிடம். நாளுக்கு அறுபது நாழிகை.

அறுபது. முப்பத்தெட்டும் ஐம்பத்திரண்டும் அச்சுப்பிழை இல்லை.

எட்டு நாழிகை, நூற்றுத்தொண்ணூற்றிரண்டு நிமிடம். நாற்பத்தைந்து விநாழிகை, பதினெட்டு. மொத்தம் மூன்றரை மணி நேரம். உதயம் ஆறு பத்து.

ஒன்பது நாற்பது வரை.

திரும்பப் போட்டேன். அதேதான் வந்தது. நம்பாதவள் எதற்கு மூன்றாவது தடவையும் போட வேண்டும்? போட்டேன். சொன்னால் அம்மா எழுந்து செருப்பைத் தேடுவாள். சொல்லாமல் விட்டு, உள்ளே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? நிலா செய்ததா, கட்டி செய்ததா என்று யாருக்குத் தெரியும்? நான் தப்பாகப் படித்தது மட்டும் எனக்குத் தெரியும்.

எட்டு ஐம்பதுக்கு நர்ஸ் அம்மாவை வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா பச்சை அங்கியில் டிராலியில் படுத்திருந்தாள். பார்க்கவே சின்னதாக இருந்தாள்.

"சிஸ்டர், ரத்த வகை இன்னொரு தடவ பாத்துடுங்க."

"பாத்தாச்சு."

"அந்த ஒப்புதல் ஃபாரத்த நான் முழுசாப் படிக்கல."

"நேத்தே படிச்சு எங்கிட்ட நாலு கேள்வி கேட்டீங்களே!"

"அலர்ஜி பத்தி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

நர்ஸ் இடுப்பில் கை வைத்தார். "இங்க பாரும்மா, உள்ள டாக்டர் கைகழுவிட்டு நிக்கிறார். உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க. அடுத்த பேஷன்ட் ரெடி. அப்புறம் உங்களுக்குத் தேதி எப்பன்னு எனக்குத் தெரியாது."

ஒரு மணி நேரத்தை இப்படிக் கடத்திவிடலாம் என்று நிஜமாகவே நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அம்மா தலையைத் தூக்கினாள். "என்னடி ஆச்சு? மூஞ்சி ஏன் பேயடிச்ச மாதிரி இருக்கு?"

சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல். நாழிகை, இருபத்துநாலு, ஒன்பது நாற்பது.

அம்மா கூரையைப் பார்த்தாள். "அப்போ வருஷம் பூரா நீ படிச்சது?"

"தப்பு."

"நான் மேனேஜர்கிட்ட கேக்கப் போனது?"

"அதுவும்."

"அதான் நாய் மாதிரி வள்ளுன்னு விழுந்தானா?"

"அந்தாளு எந்த நேரத்துல போனாலும் விழுந்திருப்பான்மா."

அம்மாவின் உதடு கோணியது. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. "காலேஜுக்கு அனுப்பினேனே உன்ன." பிறகு நர்ஸைப் பார்த்தாள். "உள்ள போன உடனே கத்தி வெச்சிடுவாங்களாம்மா?"

"எங்க? ஊசி போட்டு, மயக்கம் வந்து, வயித்தத் துடைச்சு... அரை மணி ஆயிடும்."

"அப்போ ஒன்பதரை." அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் பார்க்க மட்டும் அவளுக்குத் தெரியும். பெரிய முள் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. படியில் விழுந்ததை நினைத்தாளோ என்னவோ, கை அடிவயிற்றுக்குப் போனது. "பத்து நிமிஷம்தான் இடிக்குது. வண்டிய கொஞ்சம் மெதுவாத் தள்ளும்மா."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் மெதுவாகத்தான் தள்ளினார்.

கதவு வரை கூடவே போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் ஐஸ் மாதிரி இருந்தது. "நீ சும்மா உக்காந்து அழுதுட்டு இருக்காத. எல்லாப் பக்கத்தையும் சரியாப் போட்டு வை. வந்ததும் கேப்பேன்."

கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

பேனாவை எடுத்தேன். முதல்முறையாக அந்த டைரியில் எழுதினேன். நாளைக்கு, நாளை மறுநாளுக்கு என்று ஒவ்வொரு பக்கத்திலும் நாழிகையை இருபத்துநாலால் பெருக்கி, உதயத்தோடு கூட்டி, கோடு போட்ட இடத்தில். மூன்று தடவை பெருக்கல் தப்பாக வந்தது. ஒன்பது முப்பத்தைந்துக்கு எழுத முடியவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாற்பது ஆனபோது நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. என்னையே அறையலாம் போல இருந்தது. விளக்கு இன்னும் சிவப்பாகவே எரிந்தது.

பத்து. பத்தரை. பதினொன்று. அடுத்த மாதத்தின் பாதிக்கு வந்திருந்தேன். கதவு திறந்தபோது எழுந்த வேகத்தில் டைரி கீழே விழுந்தது.

"முடிஞ்சுது. கட்டிய எடுத்தாச்சு. லேசா முழிப்பு வந்திருக்கு," என்றார் நர்ஸ். "வந்ததும் மொதல்ல மணி என்னன்னு கேட்டாங்க. உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்களாம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"பதினொண்ணு இருபது," என்றேன். "கடிகார மணின்னு சொல்லுங்க சிஸ்டர்."