பேரிக்காய்க்கும் ஓர் எண்

சனிக்கிழமை காலை. குசினி மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. விக்னராஜா ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். விடை சரியென்றால் சின்னதாக ஒரு சரி. பிழையென்றால் பெருக்கல் குறி போலப் பெரிய புள்ளடி. அவர் போடும் புள்ளடிக்கு ஒரு வால் உண்டு. இரண்டாவது கோடு கீழே இறங்கி, வலப்பக்கம் வளைந்து, ஒரு கொக்கியாக நிற்கும்.

"இஞ்சருங்கோ, கியூ நீள முதல் போட்டு வருவம்," என்றாள் சந்திரவதனா.

"என்ன அவசரம்? வாக்குப் பெட்டி எழும்பி ஓடாது. போகாட்டி ஃபைன் அடிப்பாங்கள், அதுக்காகத்தான் நான் போறனான்."

"ஃபைனுக்காகப் போகாதேங்கோ. மிஸிஸ் டொய்லுக்காக வாங்கோ."

"சரி, உம்மட மிஸிஸ் டொய்லுக்கே புள்ளடி போடுறன். ஆனா அவ வெல்ல மாட்டா. போன முறை வித்தியாசம் எவ்வளவு தெரியுமே? பதினோராயிரம்! மேலவைச் சீட்டு இஞ்ச பண்ணைக்காரற்ற சீட்டு. நாங்கள் போட்டாலும் ஒண்டு, போடாட்டாலும் ஒண்டு."

யாழ்ப்பாணத்தில் வாக்குப் போடுவதையே புள்ளடி போடுவது என்பார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள். அதனால் அவர் சொன்னது அவள் காதில் உறுத்தவில்லை.

அது 1976ஆம் ஆண்டு. கூலம்பா என்ற அந்தச் சிற்றூர் மெல்பேர்னுக்கு வடக்கே மூன்று மணி நேரக் கார் ஓட்டம். பழத்தோட்டங்கள், பழங்களைத் தகரத்தில் அடைக்கும் ஒரு தொழிற்சாலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். அவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்த அணுக்களை எண்ணுபவள். பொதுநலவாய நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் இருவருக்கும் வாக்கு இருந்தது.

மேலவைக்கான தொகுதியை அங்கே மாகாணம் என்றார்கள். கூலம்பா இருந்த வடசமவெளி மாகாணத்தில் யாருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே கட்சிதான் வென்றது. முடிவு வெளியாகும் அன்று பத்திரிகை வாங்கக்கூட யாரும் போவதில்லை.

இந்த முறை ஒரு புதுமை நடந்தது. ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட்டை மூடப் போவதாக அறிவித்தார்கள். அடுத்த பிரசவ வார்ட் ஒரு மணி நேரத்துக்கு அப்பால். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அந்தப் பாதை நீருக்கடியில் போய்விடும். ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது, "இந்த மாகாணம் எப்போதும் எங்களோடுதான். பிடிக்கவில்லையென்றால் வாக்கில் காட்டட்டும்," என்று சிரித்தார் கட்சிக்காரர். மறுவாரம் அந்த வார்ட்டின் தலைமைத் தாதி மிஸிஸ் டொய்ல் வேலையை விட்டு, சுயேச்சையாக மேலவைக்கு நின்றாள்.

சந்திரவதனாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை பிறக்க வேண்டியது ஜூலையில். ஆறு பெருகும் மாதம்.

வாக்குச்சாவடி வாசலில் ஒரு பெண், எப்படி வாக்களிப்பது என்று விளக்கும் அட்டையை நீட்டினாள். விக்னராஜா இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

"நன்றி. நான் கணக்கு வாத்தியார். எனக்கு வாசிக்கத் தெரியும்."

நீர்ப்பாசன அலுவலகத்தில் எஞ்சினியராக இருந்த சேஷாத்ரி, மனைவி பத்மாவோடு வரிசையில் நின்றார். கும்பகோணத்துக்காரர். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"மாஸ்டர், நம்ம ஊர்ல முத்திரை குத்துற கட்டை குடுப்பா. இங்க பென்சிலைக் கட்டித் தொங்க விட்டிருக்காளே! என்ன பண்ணணும்?"

"ஐசே, இதையெல்லாம் ஒருத்தரிட்டைக் கேக்கிறதே? மிஸிஸ் டொய்லின்ர பேருக்கு நேர ஒரு புள்ளடி. அவ்வளவுதான்."

"அட, அவ்வளவுதானா!" என்றார் சேஷாத்ரி.

சந்திரவதனா அப்போது உள்ளே போய்விட்டாள். வாக்குச் சீட்டின் மேலே இருந்த நான்கு வரி விளக்கத்தை இரண்டு முறை வாசித்தாள். எதையும் இரண்டு முறை வாசிப்பது ஆய்வுகூடப் பழக்கம்.

அன்று மாலை ஊர் மண்டபத்தில் எண்ணினார்கள். வேட்பாளரின் சார்பில் எண்ணுதலைப் பார்க்க ஒருவர் இருக்கலாம். "நீ நாள் முழுக்க எண்ணுகிறவள். எனக்காக வந்து பார்," என்று மிஸிஸ் டொய்ல் கேட்டிருந்தாள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசும் சந்திரவதனா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையோரம் நின்றாள்.

நம்ப முடியாத ஒன்று நடந்தது. மிஸிஸ் டொய்ல் முன்னால் போனாள்! பக்கத்து ஊர்களிலிருந்து தொலைபேசியில் வந்த எண்களிலும் முன்னால். சந்திரவதனா வீடு திரும்பியபோது முந்நூறு வாக்கு முன்னணி. ஞாயிறன்று தேவாலய வாசலில் அதே பேச்சு. திங்களன்று இறைச்சிக் கடைக்காரர் கடைக் கண்ணாடியில் எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதினார். பிறகு தபால் வாக்குகள் வரத் தொடங்கின. அவர் அழித்து அழித்து எழுதினார். இருநூறு. எழுபது. இருபது. வியாழக்கிழமை அவர் எழுதிய எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது.

பதினான்கு வாக்கால் பின்னால். பதினோராயிரத்திலிருந்து பதினான்கு!

வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணினார்கள். வென்ற சீட்டு, தோற்ற சீட்டு என்று எல்லோருடைய கண்ணும் அந்த இரண்டு அடுக்குகளில் இருந்தது. சந்திரவதனா மூன்றாவது அடுக்கைப் பார்த்தாள். செல்லாத சீட்டுகள். கூலம்பாச் சாவடியில் மட்டும் அது ஒரு தடித்த புத்தக அளவுக்கு இருந்தது.

சட்டம் எளிமையானது. நான்கு வேட்பாளர்களுக்கும் விருப்ப வரிசைப்படி 1, 2, 3, 4 என்று எண் போட வேண்டும். அப்படி வரிசைப்படுத்தாத சீட்டு செல்லாது. அதிகாரி செல்லாத சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எண் இல்லை. மிஸிஸ் டொய்லின் பெயருக்கு நேரே ஒரு குறி மட்டும். ஒன்றில் சரிக்குறி. ஒன்றில் வட்டம். ஒன்றில் புள்ளடி. இன்னொன்றிலும் புள்ளடி. ஐம்பதைத் தாண்டிற்று. பழத் தொழிற்சாலையின் கிரேக்கர், இத்தாலியர் போட்டவையாக இருக்கும் என்றார் அதிகாரி.

அடுத்த சீட்டைத் திருப்பினார். அதில் ஒரு பெரிய புள்ளடி. இரண்டாவது கோடு கீழே இறங்கி, வலப்பக்கம் வளைந்து, கொக்கியாக நின்றது.

சந்திரவதனாவின் கை தன்னையறியாமல் வயிற்றில் போய் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது விக்னராஜா கொப்பி திருத்திக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, முடிவு?"

"பதினாலாலை தோத்திட்டா."

"பதினாலோ?" அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "சீ! கைக்கெட்டினது போச்சே! செல்லாத வாக்கு எவ்வளவு?"

"எங்கட சாவடியிலை மட்டும் ஐம்பதுக்கு மேலை. எல்லாம் அவவுக்கு விழவேண்டினது."

"பாத்தீரே? அந்தப் பழ ஃபாக்டரிச் சனம்! ஒண்டு, ரெண்டு எழுதத் தெரியாததுகளுக்கெல்லாம் ஏன் வாக்கு? பள்ளிக்கூடத்துப் பக்கமே போயிராததுகள்…"

"ஒண்டு, ரெண்டு எழுத வேணுமெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

அவர் சிவப்புப் பேனாவை மேசையில் வைத்தார்.

சந்திரவதனா மேசையில் விரிந்து கிடந்த கொப்பியில் விரலை வைத்தாள். பிழையான ஒரு கணக்கின் மேல், வாலோடு, சிவப்பில் இருந்தது அது.

"இதை இண்டைக்கு அங்கையும் கண்டனான்," என்றாள். "பென்சிலிலை."

விக்னராஜா கொப்பியைப் பார்த்தார். பிறகு அவளுடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"சேஷாத்ரிக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றார் கடைசியில். "பத்மாவும் கேட்டுக்கொண்டு நிண்டவ."

ஜூன் மாதம் வார்ட்டை மூடினார்கள். சந்திரவதனா மெல்பேர்னில் ஒன்றுவிட்ட தமக்கை ரஞ்சினியின் வீட்டுக்குப் போய் இருந்தாள். வலி வந்தபோது கூலம்பாவில் பாதையெல்லாம் வெள்ளம். மகன் பிறந்த செய்தியை விக்னராஜா பள்ளிக்கூடத் தொலைபேசியில்தான் கேட்டார். பிள்ளையின் முகத்தை அவர் பார்த்தது நீர் வடிந்த பிறகு.

அவர் அதற்குப் பிறகு மேலவையைப் பற்றி நையாண்டியாக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

1979இல் மறுபடி தேர்தல் வந்தது. மிஸிஸ் டொய்ல் மறுபடி நின்றாள். தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது, பழத் தொழிற்சாலையின் மதியச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் விக்னராஜா ஒரு கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். பலகையில் நான்கு பெட்டிகள். பெட்டிகளுக்கு நேரே பீச், ஏப்ரிகாட், பிளம், பேரிக்காய்.

"எது உங்களுக்கு மிகவும் பிடிக்கும்? அதற்கு ஒன்று போடுங்கள். பிறகு இரண்டு. பிறகு மூன்று," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக.

கூடம் இரண்டாகப் பிளந்தது. ஏப்ரிகாட்டுக்குத்தான் ஒன்று என்றாள் ஓர் இத்தாலியப் பெண். பீச்சை விட்டால் பழமே இல்லை என்று மேசையைத் தட்டினார் இன்னொருவர். ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்கர், பெரிய மீசைக்காரர், எழும்பி நின்றார்.

"எனக்குப் பேரிக்காய் வேண்டாம். பன்னிரண்டு வருடமாகத் தோல் சீவுகிறேன். வெறுப்பாக இருக்கிறது. அந்தப் பெட்டியை வெறுமையாக விடுவேன்."

"விடாதீர்கள்! பெட்டிகளை வெறுமையாக விட்டுப் பழகினால் ஒருநாள் உங்கள் பீச்சும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். பேரிக்காய்க்கு நான்கு போடுங்கள். அதுதான் அதற்கு நீங்கள் கொடுக்கும் தண்டனை."

கூடம் சிரித்தது. ஸ்டாவ்ரோஸ் முறைத்துக்கொண்டே பலகைக்கு வந்து, பேரிக்காய்க்கு நேரே அழுத்தி நான்கு போட்டார்.

யாருக்குப் போட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். "அது உங்கள் விருப்பம். எப்படிப் போடுவது என்பது மட்டும்தான் என் பாடம். அந்தப் பாடத்தில் நான் போன தேர்தலில் சித்தியடையாதவன்," என்றார் விக்னராஜா. அன்றுதான் அவர் அதை முதன்முதலாக வெளியே சொன்னார்.

மே மாதம் வாக்கெடுப்பு. மறுபடி அதே மண்டபம், அதே மேசையோரம். தபால் வாக்குகளும் வந்து முடிந்த நாள் மண்டபத்தின் பின்பாதி நிறைந்துவிட்டது. சேஷாத்ரியும் பத்மாவும் நின்றார்கள். ஸ்டாவ்ரோஸ் வேலை உடுப்போடு வந்திருந்தார். மிஸிஸ் டொய்லின் முன்னணி நூறு, ஐம்பது, நூற்றைம்பது என்று ஏறியிறங்கியது. சந்திரவதனாவின் கண் மூன்றாவது அடுக்கில் இருந்தது. அது மெலிந்து, விரலால் தூக்கக்கூடிய அளவாக இருந்தது.

அதிகாரி ஒரு சீட்டில் நின்றார். மிஸிஸ் டொய்லுக்கு ஒன்று. மற்றவர்களுக்கு இரண்டும் மூன்றும். கடைசி வேட்பாளருக்கு நான்கு. அந்த நான்குக்குப் பக்கத்தில் கோணல் ஆங்கிலத்தில் 'பேரிக்காய்' என்று எழுதியிருந்தது.

கட்சியின் பிரதிநிதி கையை உயர்த்தினார். "செல்லாது! சீட்டில் வேறு எழுத்து இருக்கிறது."

அதிகாரி செல்லாத அடுக்கின் பக்கம் சீட்டைக் கொண்டுபோனார்.

"நில்லுங்கள்!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. சத்தம் போட்டது சந்திரவதனா. அவளுக்கே அது தன் குரல் என்று தெரிய ஒரு கணம் எடுத்தது.

"எண்கள் தெளிவாக இருக்கின்றன. எழுத்து வாக்காளர் யாரென்று காட்டவில்லை. அது ஒரு பழத்தின் பெயர். எந்தச் சட்டத்தில் பழத்தின் பெயர் எழுதக்கூடாது என்றிருக்கிறது?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சீட்டை இன்னொரு முறை பார்த்தார். அவருடைய வாயோரம் துடித்தது.

"செல்லும்," என்றார்.

பின்பாதியில் ஸ்டாவ்ரோஸ் கூரையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலை முடிவை வாசித்தார்கள். இருநூற்றுப் பதினொரு வாக்கு வித்தியாசத்தில் மிஸிஸ் டொய்ல். மண்டபம் அதிர்ந்தது. இறைச்சிக் கடைக்காரர் ஏப்ரன் கட்டிய கோலத்தில் தெருவில் ஓடினார். பத்மா சந்திரவதனாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அடுத்த கோடைக்குள் பிரசவ வார்ட்டை மறுபடி திறப்பதாக அன்றே சுகாதார அமைச்சிலிருந்து தொலைபேசி வந்தது.

"மாஸ்டர்!" சேஷாத்ரி விக்னராஜாவின் தோளைத் தட்டினார். "இந்தத் தடவை முத்திரைக் கட்டையும் கேக்கல, புள்ளடியும் போடல. அழகா ஒண்ணு ரெண்டு மூணு நாலு!"

"ஐசே, அண்டைக்கு நீர் கேட்டீர். அது நல்ல கேள்வி. நான்தான் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைச்சிட்டன்." விக்னராஜா மண்டபத்தின் பக்கம் கையைக் காட்டினார். "போன முறை இந்தக் கூட்டத்திலை பிழை விட்ட ஆக்களிலை ஒருத்தன் மட்டும்தான் வாசிக்கத் தெரியுமெண்டு பெருமையடிச்சும் வாசிக்காதவன். அது நான். சாவடிக்குப் போட்டு வந்தா மட்டும் வாக்குப் போட்டதாகாது. தெரியாததைக் கேக்கிறதிலை வெக்கமில்லை. கேக்காமல் போய், எங்கட குரலை நாங்களே குப்பையிலை போடுறம் பாரும், அதுதான் வெக்கம்."

சந்திரவதனா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கோ வீட்டை," என்றாள். "கொப்பி திருத்தக் கிடக்கு. புள்ளடி அங்க போடலாம்."