முழங்கை வரை ஈரம்

மருந்து விற்பனையாளரின் சட்டைகளில் இரண்டு கைகளும் முழங்கை வரை உலர்வதே இல்லை. மற்ற இடமெல்லாம் வெயில் பட்டதும் மொரமொரப்பாகிவிடும். சலவைக்கடைக்காரர் முதலில் துணியைக் குறை சொன்னார், பிறகு கஞ்சியை, பிறகு தன் மனைவியை. கறை எப்படி வந்தது என்று வாடிக்கையாளரிடம் கேட்பதில்லை என்பது அவர் அப்பா காலத்து வழக்கம். அந்த வழக்கத்தால்தான் பல குடும்பங்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தன. எனவே ஈரத்தையும் கறையாகவே பாவித்து, விற்பனையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கரி இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தவள் கடைக்காரரின் தங்கை. அவளுக்கு இனிக் கல்யாணம் கிடையாது என்று உறவினர்கள் எப்போதோ முடிவுகட்டியிருந்தார்கள். விற்பனையாளர் மனைவியை இழந்தவர். சட்டை வாங்க வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கினார். அவள் மணிக்கட்டில் இருந்த சூட்டுக்காயம் வீட்டில் யார் கண்ணிலும் பட்டதில்லை; அவர் பார்த்தார், களிம்பு கொண்டுவந்தார். மழைக்காலம் முடிவதற்குள் நிச்சயமாயிற்று. அவர் பிடித்த வாடகை வீட்டில் வெள்ளைப் பீங்கான் குளியல்தொட்டி வந்து இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது.

“மகாராணிக்குத் தொட்டி, நமக்கெல்லாம் வாளி,” என்றாள் அண்ணி.

“பொறாமைன்னா வந்து ஒரு முங்கு முங்கிட்டுப் போங்க அண்ணி.”

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு அவள் அண்ணன் குழந்தையைக் குளிப்பாட்டினாள். அது திமிறியது, தண்ணீருக்குள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது அவளுடைய சட்டைக் கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. ஈரம் நின்ற அந்தக் கோடு அவளுக்கு மனப்பாடம். குழந்தையைத் துவட்டி அண்ணியிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் காத்திருந்தவரிடம் போனாள்.

“உங்க சட்டைக் கை எங்க நனைஞ்சது?”

“உங்க கடையில அதெல்லாம் கேக்க மாட்டீங்களே.”

“கடைக்காரி கேக்கல. கட்டிக்கப்போறவ கேக்கறேன்.”

அவர் கனிவாகச் சிரித்தார். “அவங்களும் இப்படித்தான், எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க.”

“அவங்கன்னா?”

“ரெண்டு பேருந்தான்,” என்றார் அவர், ஒரு மனைவியைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தவர்.

“கடை மானத்தையே வாங்கிட்டியேடி,” என்று அண்ணன் கத்திக்கொண்டிருக்க, அவள் விற்பனையாளரின் சட்டையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். இன்ஸ்பெக்டர் சட்டைக் கையைப் பிழிந்தார். சோப்பு நுரையோடு தண்ணீர் வந்தது, சுருள் முடி ஒன்று வந்தது, நீண்ட நேர் முடி ஒன்று வந்தது. அவர் இன்னொரு வாளி கேட்டார். விற்பனையாளர் முன்பு குடியிருந்த இரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு மனைவி தொட்டியில் மூழ்கி இறந்திருந்தாள். மயக்கம் என்று இரண்டு ஊர் மருத்துவர்களும் சொல்லியிருந்தார்கள். கோடை தொடங்குமுன் தீர்ப்பு வந்தது.

தூக்குக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டை வேண்டுமென்று சிறையிலிருந்து ஆள் வந்தபோது, அண்ணன் முகத்திலடித்தாற்போல் மறுத்தார். அவள் கரி மூட்டினாள். காலர், முதுகு, பட்டன் பட்டி எல்லாம் தேய்த்தாள். கைகளை மட்டும் வெகுநேரம் தேய்த்தாள். பெட்டிக்கு அடியில் ஆவி எழுந்துகொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் அண்ணி உள்ளே போய்விட்டாள். மடித்துக் கொடுக்கும்போது, “கழுத்துப் பட்டனைப் போட வேண்டாம்னு சொல்லுங்க, அவருக்கு இறுக்கும்,” என்றாள்.

அவரை இறக்கி எடுத்துப்போன பிறகும் தூக்குமேடைக்கு அடியில் சொட்டுவது நிற்கவில்லை. துடைத்துப் பார்த்தார்கள், பலகையை மாற்றிப் பார்த்தார்கள். இப்போது அங்கே ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். சிறைத் தோட்டத்துக்கு அந்தத் தண்ணீர்தான் பாய்கிறது. கத்தரிக்காய் நன்றாகக் காய்க்கிறது.